காத்தான் மகன்

"அது ஏன் அவரு பேருல மட்டும் செவப்பா கோடு போட்டிருக்கு? தப்பா இருக்கா?"

கடைக்குள் வந்து அரைமணி நேரமாகியும் வாய் திறக்காத செந்தாமரை முதன்முதலாகக் கேட்டது இதைத்தான். அதுவரை எல்லாக் கேள்விகளுக்கும் அவளுடைய கணவனின் அண்ணன் மதிவாணன்தான் வாசலில் நின்றபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தான். இடையிடையே அவனுடைய போன் அடித்தது. அவன் தம்பி செந்தில்குமார் சவுதியில் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வேலைக்குப் போகிற வண்டி வந்தும் எழுந்திருக்காமல் படுத்திருந்தவனை அறையில் இருந்தவர்கள் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். முப்பத்து நான்கு வயது. உடலை ஊருக்கு அனுப்பச் சம்மதம் என்று மனைவி ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி வக்கீலின் முத்திரையோடு அனுப்ப வேண்டும். வக்கீல் ஒரு மணிக்குச் சாப்பிடக் கிளம்பிவிடுவார். மணி பன்னிரண்டு நாற்பது.

குடவாசல் தாலுகா ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் வானதி பதினோரு வருடமாக இந்தக் கடையை வைத்திருந்தாள். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரிண்டர், வேகம் குறைந்துபோன ஒரு கம்ப்யூட்டர். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, பயோடேட்டா என்று அந்தச் சந்துக்கு வருகிற எல்லாக் காகிதங்களும் அவள் விரல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. ஆங்கிலத்தில் அடிக்கும்போது அந்தக் கம்ப்யூட்டர் மெஷின் தனக்குத் தெரியாத சொல்லுக்கெல்லாம் கீழே நெளிநெளியாகச் சிவப்புக் கோடு போடும். அதற்கு இந்த ஊரில் யாரையும் தெரியாது. குடவாசல் தெரியாது, செந்தாமரை தெரியாது, செந்தில்குமாரின் பெயருக்குப் பின்னால் வரும் அவன் அப்பா காத்தானும் தெரியாது. ஒருமுறை எரிச்சலில் கோடே வராதபடி நிறுத்தி வைத்திருந்தாள். அந்த வாரமே எழுத்துப் பிழையோடு போன ஒரு மனுவைத் தாலுகா ஆபீஸில் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாளே மறுபடி வரவைத்துவிட்டாள். அதிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெயர்களின் மேல் மௌஸை வைத்து வலப்பக்கம் அழுத்தினால் ஒரு பட்டியல் விழும். அதில் 'இக்னோர் ஆல்' என்று கொடுத்தால் அந்தப் பெயரை மெஷின் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கடைசியில் பக்கத்தில் எங்கும் சிவப்பு இல்லை என்றால் காகிதம் சரி. எண்களை மட்டும் விரல் வைத்து இரண்டு முறை ஒப்பிடுவாள். பாஸ்போர்ட் எண்ணில் ஒரு எட்டு மூன்றாகிப்போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

செந்தாமரையின் கேள்வியில் பயம் இருந்தது. அவள் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்து, மடியில் செந்தில்குமாரின் பாஸ்போர்ட் நகலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து மூன்று நாள் ஆகியிருக்கும். வானதி திரையை விட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"தப்பெல்லாம் இல்லம்மா. இது வெள்ளக்காரன் செஞ்சது, நம்ம பேரெல்லாம் அதுக்குத் தெரியாது. இதோ, போயிடும் பாருங்க."

சொல்லிக்கொண்டே அழுத்தினாள். கோடு போய்விட்டது. செந்தாமரை திரையையே பார்த்தாள். ஏதோ சொல்ல வருவதுபோல உதடு அசைந்தது. வாசலிலிருந்து மதிவாணன், "ஆச்சுங்களா? வக்கீல் சட்டையப் போட்டுட்டாராம்," என்றான். வானதி மீதியை வேகமாக அடித்து முடித்தாள். அந்தப் பெயர் இன்னும் ஆறு இடங்களில் வந்தது. ஒன்றின் கீழும் கோடு விழவில்லை. பாஸ்போர்ட் எண்ணை இரண்டு முறை ஒப்பிட்டாள். அச்சு எடுத்துக் கொடுத்ததும் மதிவாணன் அதைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினான். செந்தாமரை அவன் பின்னால் போனாள்.

பத்தாம் நாள் இருவரும் திரும்பி வந்தார்கள்.

"பேரு தப்புன்னு திருப்பிட்டாங்க," என்றான் மதிவாணன். வெயிலில் வந்த முகம் கறுத்திருந்தது. "பாஸ்போர்ட்டுல செந்தில்குமார் காத்தான். பேப்பர்ல செந்தில்குமார் நாதன். யாருங்க அந்த நாதன்? அங்க அவங்கூட இருந்த பையன் மூணு ஆபீஸ் ஏறி எறங்கியிருக்கான். வேற ஆள் பேப்பர் இதுன்னு சொல்லிட்டாங்களாம்."

வானதிக்கு முதலில் வந்தது கோபம்தான். தங்கள் ரேஷன் கார்டில் இருக்கும் பிழையை அவள் தலையில் கட்டுகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். "நீங்க குடுத்ததப் பாத்துத்தான் அடிச்சேன். நான் ஏங்க நாதன்னு அடிக்கப்போறேன்?"

மதிவாணன் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுச் செந்தாமரையின் பக்கம் திரும்பினான். "நீதான பக்கத்துல ஒக்காந்திருந்த? பத்தாவது படிச்சவதான? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி புருஷன் பேர ஒருதரம் படிச்சுப் பாக்கத் தோணல உனக்கு?"

அன்றைக்குப் போலவே ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கையில் இப்போது பாஸ்போர்ட் நகல்கூட இல்லை.

"நாளையிலேர்ந்து அங்க பக்ரீத் லீவு. பத்து நாளைக்கு ஒருத்தனும் ஆபீஸ் தொறக்க மாட்டான்," என்று மதிவாணன் யாரிடமும் இல்லாமல் சொன்னான். வெளியே போய் பைக்கின் மேல் சாய்ந்து நின்றான்.

வானதி பழைய கோப்பைத் திறந்தாள். நாதன். ஏழு இடத்திலும் நாதன். அதை அழித்துவிட்டு, கே என்று தொடங்கி ஆறு எழுத்தையும் நிதானமாக ஒவ்வொன்றாக அடித்தாள். சரியாக இருந்தது. அடுத்த சொல்லுக்காக இடைவெளி விட்டாள். அவள் கண்முன்னால் முதல் எழுத்து மாறியது. கே இருந்த இடத்தில் என் நின்றது. ஒரு சிமிட்டலுக்குள் நடந்தது அது. பார்த்துக்கொண்டே இருந்திராவிட்டால் தெரிந்திருக்காது. மறுபடி அழித்தாள், மறுபடி அடித்தாள், இடைவெளி விட்டாள். நாதன்.

எங்கே தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவசரத்தில் தப்பாக விழும் சொற்களைத் தானாகவே திருத்துவதற்காக மெஷின் வைத்திருக்கும் பட்டியல் ஒன்று உண்டு. இடப்பக்கம் தப்பு, வலப்பக்கம் சரி. திறந்து உருட்டிக்கொண்டே போனாள். நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்களுக்கு நடுவில், தப்பின் வரிசையில் காத்தான் இருந்தார். சரியின் வரிசையில் நாதன். அதை மெஷின் தானாக எழுதிக்கொள்ளாது. யாராவது சொல்ல வேண்டும். இக்னோர் ஆலுக்குக் கொஞ்சம் கீழேதான், இனிமேல் தானாகவே திருத்து என்று சொல்லும் அந்த இன்னொரு வரி இருக்கிறது. அன்று செந்தாமரையைப் பார்த்துக்கொண்டே அழுத்தியபோது கை கீழே இறங்கியிருக்கிறது. பக்கத்தில் விரிந்த பெயரின் மேல் விழுந்திருக்கிறது. நாதன் என்ற பெயர் வெள்ளைக்காரர்களிலும் உண்டு, அதனால் மெஷினுக்கு அதைத் தெரிந்திருக்கிறது. சிவப்புக் கோடு போகும் என்று சொன்னாள். போய்விட்டது.

சொல்வதற்கு அப்போது நேரம் இருந்தது. மதிவாணன் வெளியே நின்றான். செந்தாமரை கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். வானதி அந்த வரியைத் தேர்ந்து அழித்தாள். காகிதத்தை முதலிலிருந்து அடித்தாள். இந்த முறை ஒவ்வொரு பெயரின் கீழும் கோடு அப்படியே இருக்க விட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அச்சில் கோடு விழாது. எடுத்து நீட்டினாள். "இப்ப சரியா இருக்கும்மா. படிச்சுப் பாத்துக்குங்க," என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை ஏன் சொன்னோம் என்று அவளுக்குப் பல நாள் புரியவில்லை. செந்தாமரை உதட்டை அசைத்து முழுவதும் படித்துவிட்டுத் தலையாட்டினாள்.

விடுமுறை முடிந்தது. பிறகு ஏதோ ஒரு அதிகாரி ஊரில் இல்லை என்றார்கள், பிறகு விமானத்தில் இடம் இல்லை என்றார்கள். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, கடைமடை வரை தண்ணீர் வந்துவிட்டது. ஆபீஸ் சந்தில் குறுவைக்கான கடன் மனுக்கள் குவிந்தன. வானதி அடித்துக்கொண்டே இருந்தாள். யாருடைய பெயரின் கீழும் கோட்டை எடுக்கவில்லை. வந்தவர்கள் கேட்டால் "அது அப்படித்தான்" என்றாள். ஒரு பெயரை நாலு தடவை சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லும் அவளை ஆட்கள் வினோதமாகப் பார்த்தார்கள்.

நாற்பத்தாறாம் நாள் உடல் திருச்சிக்கு வந்தது என்பதை அதற்கு அடுத்த வாரம்தான் தெரிந்துகொண்டாள். இறப்புச் சான்றிதழை நகல் எடுக்க வந்த மதிவாணன், மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேல் தானாகவே சொன்னான்.

"பொட்டியத் தொறக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருந்தாங்க. நாளு ரொம்ப ஆயிடுச்சாம். மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல. அவன் பொண்டாட்டி பொட்டிமேல விழுந்து தொறங்க தொறங்கன்னு ஒரே சத்தம். அவன் பொண்ணு, அந்தச் சின்னப்புள்ள கவிப்ரியா, உள்ள அப்பா இல்லன்னே சொல்லிக்கிட்டிருக்கு. பத்து நாள்ல வந்திருந்தா பாத்திருக்கலாம்னு ஏஜென்ட்டே சொன்னான்."

வானதி தாளை எடுத்து மெஷினில் திருப்பி வைத்தாள்.

"எங்கப்பாதான் சோறே எறக்க மாட்டேங்குறாரு. எம்பேரால எம்புள்ள அங்கயே கெடந்தான்னு பொலம்பல். பத்தாவதுல வாத்தியாரு தம்பி சர்ட்டிபிகேட்டுல அப்பா பேர வேற மாதிரி போடலாம்னு சொன்னாரு. இவனும் கேட்டான். அவருதான் எங்கப்பன் வச்ச பேரு கெடக்கட்டும்னுட்டாரு. இப்ப அதச் சொல்லிச் சொல்லி அழுவுறாரு. எல்லாம் அவன் பொண்டாட்டி பண்ணுன வேல. கண்ணத் தொறந்து பாத்திருந்தா இவ்வளவும் இல்ல. அடக்கத்துலேர்ந்து முப்பதாம் நாள் காரியம் முடிஞ்சதும் பேராவூரணிக்கு அவ அம்மா வீட்டுக்கே அனுப்பிடலாம்னு பேசியிருக்கோம். புள்ள இங்க இருக்கட்டும்."

அன்று வானதி கடையைச் சாயங்காலத்துக்கு முன்பே பூட்டினாள். கணவன் பிரபு வீட்டில் இருந்தான். அறுவடை மெஷின் ஓட்டுகிறவன், நடவுக் காலத்தில் அவனுக்கு வேலை கிடையாது. முழுவதையும் கேட்டான். டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"இது யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப வாயத் தொறக்காத. நீ என்ன வேணும்னா பண்ணுன? பொணம் வந்துருச்சு, அடக்கம் பண்ணியாச்சு. இப்பப் போயி நாந்தான்னு நின்னா கடைய வந்து ஒடைப்பானுங்க. நம்மாளுவளும் சும்மா இருக்க மாட்டானுங்க. ஒரு பேரு தப்பானதுக்கு ரெண்டு தெருவும் அடிச்சுக்கணுமா?"

"அந்தப் பொண்ணப் புள்ளகிட்டேருந்து பிரிச்சு அனுப்பப் போறாங்க."

"அதுக்கு அவ அண்ணந்தம்பி கேப்பான். நீ யாரு?"

அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதனால்தான் நாலு நாள் போகாமல் இருந்தாள். ஐந்தாம் நாள் மதியம் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பெயர்களை ஒரு பெண் படிக்கப் படிக்க அடித்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பெயருக்கு உரியவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று நினைப்பு வந்தது. அந்தப் பெண்ணை மறுநாள் வரச்சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

காத்தான் வீட்டுத் தெரு கடையிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. ஊரில் பிறந்து வளர்ந்தவள், வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் இதுவரை போனதில்லை. அவளிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள். வீட்டின் பக்கவாட்டில் செந்தாமரை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். வானதியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கையில் சாம்பல் இருந்தது.

"ஒக்காருங்கம்மா, ஒக்காருங்க," என்று வானதியே அவளுக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வரிசை எதுவும் நினைவுக்கு வரவில்லை. "அந்தப் பேரு தப்பானது என்னாலதான். நான் அழுத்துனதுதான் தப்பு. ரெண்டாவது தரம் நீங்க வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க வீட்டுக்காரரோட அண்ணன் உங்களத் திட்டுனப்ப தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தேன்."

செந்தாமரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஒரு தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"நான் பாத்தேங்க," என்றாள்.

வானதிக்குப் புரியவில்லை.

"கோடு போனப்ப மொத எழுத்து மாறுனத நான் பாத்தேன். கே போயி என் வந்துச்சு. சொல்ல வாயெடுத்தேன். கம்ப்யூட்டரு மாத்துதே, நீங்க படிச்சவங்க, இங்கிலீசுல அப்படித்தான் எழுதுவாங்களோன்னு நெனச்சுக்கிட்டேன். அவுங்க வேற அவசரப்படுத்துனாங்க." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "பாக்கவேயில்லன்னு திட்டுறாங்க. பாத்தேன்னு எப்படிங்க சொல்லுவேன்?"

வேலிக்கு அந்தப் பக்கம் நடவு வயலில் பெண்கள் முதுகு வளைந்து வரிசையாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். மன்னித்துவிடு என்று கேட்க வேண்டும் என்றுதான் வானதி வந்திருந்தாள். இப்போது அந்த வார்த்தையைச் சொன்னால் அதற்கும் செந்தாமரையே ஒரு பதில் தேட வேண்டியிருக்கும் என்று பட்டது.

"நீங்க எனக்காக ஒண்ணும் செய்ய வேணாம்," என்றாள் செந்தாமரை. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. கோபமா களைப்பா என்று தெரியவில்லை. "உள்ள மாமா இருக்காரு. அவருகிட்ட சொல்லுங்க. வந்த ஆளுங்ககிட்டயெல்லாம் என்னக் காத்தான்னு கூப்புடாதீங்கன்னு சொல்றாரு. ரேஷன் கார்டக் கிழிக்கப் பாத்தாரு. சொல்லிட்டுப் போங்க."

அவள் கூட வரவில்லை.

காத்தான் முற்றத்து வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய உடம்பு, வரப்பு வெட்டியே இறுகிய தோள். வானதியைக் கண்டதும் பழக்கம் உந்தியதுபோல எழுந்து துண்டை இடுப்புக்கு இறக்கினார். "வாங்கம்மா" என்றார். அவள் பதறி, "ஐயா, ஒக்காருங்க. நீங்க எந்திரிக்கக் கூடாது," என்றாள். அவர் உட்காராமலே நின்றதால் அவளும் நின்றுகொண்டே சொன்னாள். இந்த முறை வரிசையாகச் சொல்ல முடிந்தது. தாலுகா ஆபீசுக்கு எதிரில் கடை வைத்திருப்பது தான்தான் என்றாள். உங்கள் பெயரை நான்தான் மாற்றி அடித்தேன் என்றாள். சவுதி ஆபீஸில் இருந்தவர்கள் காத்தான் என்ற பெயர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தப் பெயர்தான் வேண்டும் என்று கேட்டார்கள், என் காகிதத்தில் அது இல்லை என்றாள்.

பெரியவர் ஓர் அடி முன்னால் வந்தார். அடிப்பார் என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"எம்பேரத்தான் கேட்டானுவளா?"

"ஆமாங்கய்யா."

அவர் மெல்ல நடந்து மாட்டுக் கொட்டகைக்குள் போனார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் ஒரு பலகையைத் தாங்கிக்கொண்டு வந்தார். வெள்ளைப் பலகை, ஓரங்களில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள், நாலைந்து ஒட்டுச்சீட்டுகள். சவப்பெட்டிக்கு வெளியே அடித்து அனுப்பியிருந்த பெட்டியின் மேல்பலகை. எரிக்கச் சொன்னார்களாம், அவர் இதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். கட்டிலின் மேல் வைத்தார். கறுப்பு மையில், யாரோ முகம் தெரியாதவன் பெரிய பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுதியிருந்தான்.

"இதுல எதும்மா நானு?"

வானதி குனிந்தாள். முதல் வரியைத் தாண்டி இரண்டாவது வரியில் விரலை வைத்தாள். கே, ஏ, டி, ஹெச், ஏ, என். ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். எழுத்துகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பார்த்துக்கொண்டு, மண்வெட்டிக் காய்ப்பு ஏறிய தன் உள்ளங்கையை அந்த இடத்தில் பரப்பி வைத்தார். அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

வாய்க்கால் பாலத்தின் பக்கமிருந்து ஒரு பைக் வரும் சத்தம் கேட்டது. மதிவாணனுடையது என்று கட்டிலருகே படுத்திருந்த நாய்க்குத் தெரிந்து அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. வானதி தன் வண்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு தரையில் உட்கார்ந்தாள். செந்தாமரை ஈரக் கையோடு வீட்டின் மூலையைத் திரும்பி வந்து, அவளுக்கு அருகில் வராமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பைக் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.